பளிங்கின் சாயல்

வீட்டுச் சுவர் முதலில் வெயிலையும் மழையையும் காற்றையும் தடுப்பதற்காகவே எழுப்பப்பட்டது. ஆனால் தடுத்து நிற்கும் வெறுஞ்சுவரோடு மனிதன் மனநிறைவு கொள்ளவில்லை. அதை மண்ணால் மெழுகினான், சுண்ணாம்பால் வெளுத்தான், காவியும் செம்மண்ணும் கொண்டு கோடிட்டான். செல்வம் பெருகியபோது பளிங்காலும் உயர்ந்த மரத்தாலும் அதனை மூடினான். அவை கைக்கு எட்டாத இடத்தில் மற்றொரு வழியையும் கண்டான். செங்கல் சுவரின்மேல் பூச்சாலும் வண்ணத்தாலும் பளிங்கின் தோற்றத்தை வருவித்தான். மலிவான மரப்பலகையின்மேல் விலையுயர்ந்த மரத்தின் ரேகைகளை எழுதினான்.

ஒரு பொருளின்மேல் மற்றொரு பொருளின் சாயலை ஏற்றும் இக்கலைக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதைப் பற்றிய வழக்கும் ஏறத்தாழ அதே அளவு பழமையானது. இது கலையா, ஏமாற்றா? இல்லாததை இருப்பதாகக் காட்டும் சுவர் வீட்டுக்கு அழகா, இழுக்கா? இவ்வினாவுக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் கூறப்பட்டுள்ளன. அவ்விடைகளைச் சீர்தூக்கிப் பார்ப்பதற்கு, இக்கலை நடந்துவந்த வழியை முதலில் அறிதல் நலம்.

இத்தாலி நாட்டின் தென்பகுதியில் வெசூவியஸ் என்னும் எரிமலை கி.பி. 79ஆம் ஆண்டில் வெடித்து, பாம்பெய், ஹெர்குலேனியம் ஆகிய நகரங்களைச் சாம்பலிலும் எரிமலைக் குழம்பின் கழிவிலும் புதைத்தது. மக்களுக்கு நேர்ந்த அப்பேரழிவு வீட்டுச் சுவர்களுக்கு ஒரு பாதுகாப்பாக அமைந்துவிட்டது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் அகழ்ந்தெடுக்கப்பட்ட அவ்வீடுகளின் சுவர்களை ஆராய்ந்த அவுகுஸ்ட் மாவ் என்னும் ஜெர்மானிய அறிஞர், 1882ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் அவற்றை நான்கு பாணிகளாக வகுத்தார். அந்த நான்கனுள் காலத்தால் முந்தியது பளிங்கைப் போலச் செய்யும் பாணியே.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பாம்பெய் நகரத்துச் செல்வர் வீடுகளில் அப்பாணி வழங்கியது. கொத்தர்கள் சுண்ணாம்புச் சாந்தைச் சுவரில் பூசி, அதிலேயே கற்பாளங்களைப் போன்ற கட்டங்களைப் புடைப்பாக அமைத்தார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள இணைப்புக் கோடுகூடப் பிசகாமல் இருந்தது. பின்னர் ஒவ்வொரு கட்டத்துக்கும் மஞ்சள், சிவப்பு, பச்சை, கருஞ்சிவப்பு என வண்ணம் தந்து, பல நாட்டுப் பளிங்குகளை அடுக்கி எழுப்பிய சுவர்போல ஆக்கினார்கள். சலுஸ்ட் என்பாரின் பெயரால் வழங்கும் பாம்பெய் வீட்டில் இதனை இன்றும் காணலாம். இம்முறை கிரேக்க உலகிலிருந்து வந்தது. டீலோஸ் தீவின் பழைய வீடுகளிலும் இத்தகைய சுவர்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன.

கி.மு. 80ஆம் ஆண்டையொட்டி மற்றொரு பாணி தோன்றியது. இதில் சுவர் சமதளமாகவே இருந்தது. புடைப்பாகத் தோன்றும் கல்லும், முன்னே நிற்பதுபோல் தெரியும் தூணும், தூணின் பக்கத்து நிழலும் வண்ணத்தால் மட்டுமே வருவிக்கப்பட்டன. முன்னைய பாணியில் கொத்தனுடைய கரணை செய்த வேலையைப் பின்னைய பாணியில் ஓவியனுடைய தூரிகை ஏற்றுக்கொண்டது. ஹெர்குலேனியத்தில் சாம்னைட் வீடு எனப்படும் இல்லத்தின் மற்ற அறைகளில் காலத்துக்கேற்பப் புதிய ஓவியங்கள் வந்த பின்னரும், நுழைவாயில் நடையில் மட்டும் பழைய பளிங்குச் சாயலை அழிக்காமல் காத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வருவோர் முதலில் காண்பது அச்சுவர். போலி என்று அதனை அவ்வீட்டார் நாணியிருந்தால் அங்கே வைத்திருக்கமாட்டார்கள் என்று நாம் கருதலாம்.

அச்சுவர்கள் எவ்வாறு அமைக்கப்பட்டன என்பதற்கு விட்ருவியஸ் என்னும் ரோமானியக் கட்டடக் கலைஞர் சான்று தருகிறார். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த இவர் கட்டடக் கலையைப் பத்துப் பகுதிகள் கொண்ட நூலாக எழுதினார். ஏழாம் பகுதியில் சுவர்ப் பூச்சின் இலக்கணம் கூறப்படுகிறது. சொரசொரப்பான முதல் பூச்சின்மேல் மணற்சாந்து மூன்று முறையும், அதன்மேல் பளிங்குப் பொடி கலந்த சாந்து மூன்று முறையும் பூசப்பட வேண்டும் என்பது அவர் விதி. ஒவ்வொரு பூச்சும் முந்தியதைவிட நுண்ணியதாக இருக்க வேண்டும். கிரேக்கக் கொத்தர்கள் பத்துப் பேரை வரிசையில் நிறுத்தி, தொட்டியிலுள்ள சுண்ணாம்பையும் மணலையும் மரத் தடிகளால் இடிக்கச் செய்த பிறகே சாந்தைச் சுவருக்கு எடுத்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார். அவ்வாறு செய்த பழஞ்சுவர்களிலிருந்து பாளங்களை வெட்டியெடுத்து மேசைப் பலகைகளாகப் பயன்படுத்தியவர்களும் இருந்தனர் என்கிறார். பளிங்குக்கு மாற்றாக வந்த பூச்சு, பளிங்கைப் போலவே பெயர்த்தெடுத்துப் போற்றப்படும் மதிப்பைப் பெற்றிருந்தது.

விட்ருவியஸ் பளிங்குச் சாயலை வெறுத்தவர் அல்லர். முன்னோர் பளிங்கின் வகைகளைப் போலச் செய்தனர் என்று அமைதியாகவே கூறுகிறார். உலகில் இருக்கவே முடியாத உருவங்களை, நாணல் தாங்கும் கூரைகளையும் தண்டிலிருந்து முளைக்கும் பாதி மனிதர்களையும், சுவரில் எழுதும் புதுவழக்கத்தின்மேல்தான் அவருக்குச் சினம். இருப்பதைப் போலச் செய்வது முறை. இருக்க இயலாததைச் செய்வது முறையன்று என்பது அவர் கருத்து.

இவருக்குப் பின்வந்த பிளினி, வெசூவியஸ் வெடித்த அந்த 79ஆம் ஆண்டிலேயே அவ்வெரிமலையின் அருகில் உயிர் நீத்தவர். தம் இயற்கை வரலாற்று நூலில் அவர் வேறொரு விந்தையைப் பதிவு செய்துள்ளார். கிளாடியஸ் மன்னர் காலத்தில் உண்மையான கல்லின்மேலேயே வண்ணம் தீட்டத் தொடங்கினார்களாம். நீரோ மன்னர் காலத்தில், பளிங்கில் இயற்கையாக இல்லாத புள்ளிகளையும் வரிகளையும் பதித்து, ஒரு நாட்டுப் பளிங்கை வேறு நாட்டுப் பளிங்குபோல ஆக்கினார்களாம். மெய்யான பளிங்கை உடையவர்களும் அதனோடு அமையவில்லை. ஆகவே, சாயலை நாடுவதற்கு வறுமை ஒன்றே காரணம் என்று நாம் முடிவுகட்ட இயலாது.

இங்கே சுண்ணாம்பின் இயல்பைச் சற்று நோக்குவோம். சுண்ணாம்புக் கல்லும் கிளிஞ்சலும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்னும் பொருளால் ஆனவை. சூளையில் சுமார் 900 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் சுடும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் நீர் சேர்த்து நீற்றிச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக மீண்டும் ஏற்று, பழையபடி கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. பளிங்கும் அதே கால்சியம் கார்பனேட்தான். நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் படிகமாக மாறிய சுண்ணாம்புக் கல்லே பளிங்கு. எனவே நன்கு செய்த சுண்ணாம்புச் சுவர் பளிங்கைப் போலத் தோன்றுவது கண்ணை மயக்கும் செயல் மட்டும் அன்று. இரண்டும் ஒரே பொருளின் இரு வடிவங்கள். இக்கலையின் வரலாற்றில் நாம் முதன்மையாக நினைவில் வைக்க வேண்டிய உண்மை இதுவே.

பிற்கால ஐரோப்பாவில் இக்கலை வேறொரு பாதையில் சென்றது. அங்கே சுண்ணாம்பைவிட எண்ணெய் வண்ணமும் வார்னிஷும் முதன்மை பெற்றன. மரச்சுவர்கள் மிகுந்த நாடுகளில் மரத்தைக் கல்லாகவும், ஒரு மரத்தை வேறு மரமாகவும் காட்டும் வேலை பெருகியது. அமெரிக்கக் குடியரசின் முதல் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் இல்லமே இதற்குச் சான்றாகும். அதன் வெளிச்சுவர் மரத்தால் ஆனது. பலகைகளைக் கற்பாளம்போல் விளிம்பு சீவி, ஈர வண்ணத்தின்மேல் மணலைத் தூவிக் கல்லின் சொரசொரப்பை வருவித்தார்கள். 1797ஆம் ஆண்டில் உள்நடையின் பலகைச் சுவர்களை மஹாகனி மரம்போல ரேகை எழுதச் செய்தார்கள்.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது தனித்தொழிலாகவே வளர்ந்தது. 1827இல் நத்தானியேல் விட்டாக் என்பவர் வண்ணம் தீட்டுவோருக்காக வெளியிட்ட வழிகாட்டி நூலில், மர ரேகையும் பளிங்கு வரியும் எழுதும் முறைகள் வண்ணப் படங்களோடு விளக்கப்பட்டன. முதலில் வெளிறிய நிறத்தில் ஓர் அடிப்பூச்சு. அது உலர்ந்தபின் அதன்மேல் மெல்லிய கருநிறப் பூச்சு. அந்த ஈரம் காய்வதற்குள் எஃகுச் சீப்பாலோ தோல் சீப்பாலோ இழுத்தால் மரத்தின் ரேகை விழும். பளிங்கின் நரம்புகளைப் பறவை இறகால் வரைந்து, மென்மயிர்த் தூரிகையால் ஒற்றி, ஓரங்களை மங்கச் செய்வார்கள். இறுதியில் வார்னிஷ். இத்தொழிலில் பெயர் பெற்ற தாமஸ் கெர்ஷா, 1851ஆம் ஆண்டில் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் தம் மரச் சாயல், பளிங்குச் சாயல் பலகைகளுக்காகப் பதக்கம் பெற்றார். அவருடைய பலகைகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருளகத்தில் இடம்பெற்றுள்ளன.

கெர்ஷா பதக்கம் பெறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே இக்கலையின்மேல் கடுமையான தீர்ப்பு ஒன்று எழுந்துவிட்டது. ஜான் ரஸ்கின் 1849இல் வெளியிட்ட ‘கட்டடக் கலையின் ஏழு விளக்குகள்’ என்னும் நூலில், வாய்மை என்னும் விளக்கைப் பற்றிப் பேசும்போது, கட்டடத்தில் நிகழும் வஞ்சனைகளை மூன்றாக வகுத்தார். ஒரு பரப்பை அது அல்லாத வேறொரு பொருளாகக் காட்டும்படி வண்ணம் தீட்டுவது அவற்றுள் ஒன்று. மரத்தைப் பளிங்காகக் காட்டுவதை அவர் இழிந்ததாகவே கருதினார். ஆனால் சுவரைச் சாந்தால் பூசி அதன்மேல் ஓவியம் எழுதுவதை அவர் குற்றமாகக் கொள்ளவில்லை. அங்கே சாந்து தன்னை வேறொன்றாகக் கூறிக்கொள்வதில்லை என்பது அவர் வாதம்.

ரஸ்கினுடைய சொல்லில் உண்மை உண்டு. இயந்திரத் தொழில் ஓங்கி, விலை மலிந்த போலிப் பொருள்கள் வீடுகளை நிறைத்த காலத்தில் அவர் எழுதினார். ஆயினும் கெர்ஷாவின் பலகையைச் செய்த கையின் பல்லாண்டுப் பயிற்சியை அவருடைய தீர்ப்பு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. அன்றியும், பளிங்கின் சாயலைக் காட்டிய சுவர்கள் அனைத்தும் மரத்தின்மேல் பூசிய எண்ணெய் வண்ணத்தால் ஆனவை அல்ல. தன் பொருளாலேயே பளிங்குக்கு உறவான சுண்ணாம்புச் சுவர், ரஸ்கின் பிறப்பதற்கு முன்னரே அவர் நாட்டினரை வியப்பில் ஆழ்த்தியிருந்தது. அதைக் காண நாம் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும்.

வில்லியம் ஹாட்ஜஸ் என்னும் ஆங்கில ஓவியர் 1780ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கு வந்தார். 1793இல் வெளியான தம் பயண நூலில், கடலிலிருந்து பார்த்தபோது சென்னையின் நீண்ட தூண் வரிசைகளும் திறந்த முகப்புகளும் அலெக்சாந்தர் காலத்துக் கிரேக்க நகரம் ஒன்றை நினைவூட்டின என்கிறார். கல்லே இல்லாத இடத்தில் அந்தப் பளிங்குத் தோற்றம் எங்கிருந்து வந்தது? செங்கல்லின்மேல் பூசிய சுண்ணத்திலிருந்து வந்தது. அப்பூச்சு மிகச் சிறந்த பளிங்குக்கு ஒப்பாகக் கெட்டிப்பட்டு, அதே அளவு பளபளப்பும் ஏற்கிறது என்பது அவர் கண்ட செய்தி. சுண்ணம் என்னும் நம் சொல்லே ‘சுனாம்’ எனத் திரிந்து ஆங்கில அகராதிகளில் ஏறியது.

இதற்கும் ஐம்பது ஆண்டுகள் முன்பே சென்னைச் சாந்தின் புகழ் இங்கிலாந்தை எட்டியிருந்தது. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக் என்பவர், சென்னையில் உயர்ந்த சாந்து செய்யும் முறையை எழுதியனுப்ப, அது லண்டன் ராயல் சங்கத்தின் இதழில் 1731-32ஆம் ஆண்டுத் தொகுதியில் வெளியாயிற்று. மணல் 15 புஷல், சுண்ணாம்பு 15 புஷல் எடுத்து நீற்றிக் கிடத்தி, 20 ராத்தல் வெல்லத்தைக் கரைத்த நீரைத் தெளித்து இடிக்க வேண்டும். பயறு வகை ஒன்றையும் கடுக்காயையும் தனித்தனியே கூழாகக் காய்ச்சி வடித்த நீரையும் சேர்க்க வேண்டும் என்பது அக்குறிப்பு. நம் ஊர்க் கொத்தனார்கள் வாய்வழியாகப் போற்றிவந்த ஒரு முறை, உலகின் முதன்மையான அறிவியல் இதழ் ஒன்றில் அச்சேறியது. அம்முறையைக் கண்டும் வளர்த்தும் வந்த கொத்தனார்களின் பெயர்கள் மட்டும் அதில் இல்லை.

சுவரின் உட்புறத்துக்கான உயர்ந்த பூச்சு இன்னும் நுட்பமானது. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, பல நாள் ஊறவைத்து, வெண்ணெய்போல் அரைப்பார்கள். கடைசிப் பூச்சில் முட்டை வெண்கருவும் தயிரும் நெய்யும் கலப்பதுண்டு. பாலிலுள்ள புரதம் சுண்ணாம்போடு சேர்ந்து நீரில் எளிதில் கரையாத பசையாகிறது. வெல்லம் சாந்தைக் குழைவாக்கி, பூசுவோர் கைக்கு வசப்படுத்துகிறது. பூசிய பரப்பின்மேல் மாக்கல் பொடியைத் தூவி, வழுவழுப்பான கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். அதன் பின்னும் சில நாள்கள் சுவரில் கசியும் ஈரத்தை மெல்லிய துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். இடையில் விட்டுவிட்டால் மறுநாள் தொடர இயலாது, இணைப்பு தெரிந்துவிடும். ஆகவே ஒரு சுவரைத் தொடங்கினால் ஆள்மாற்றி ஆளாக நின்று முடித்தே ஆக வேண்டும்.

கிரேக்கக் கொத்தர் பத்துப் பேர் வரிசையில் நின்று சாந்தை இடித்ததும், சென்னையில் ஆள்மாற்றி ஆளாக நின்று தேய்த்ததும் ஒரே பாடத்தையே நமக்குக் கூறுகின்றன. பளிங்குக்குச் செலவிட வேண்டிய பொன்னுக்கு ஈடாக அங்கே உழைப்பு செலவாயிற்று.

வடக்கே இராஜஸ்தானத்தில் இதே கலை ‘ஆராய்ஷ்’ என்னும் பெயரால் வழங்குகிறது. பன்னாள் ஊறிய சுண்ணாம்போடு பளிங்குப் பொடியைச் சேர்த்துப் பூசி, அகேட் என்னும் மணிக்கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். இறுதியில் தேங்காயின் எண்ணெய்ப் பசை கொண்டு பளபளப்பூட்டுவார்கள். ஈரம் காயுமுன் வண்ணம் எழுதினால் அது பூச்சோடு இறுகிவிடும். ஜெய்ப்பூர் மாளிகைகளிலும் ஷேகாவதி வட்டாரத்து வணிகர் வீடுகளிலும் இச்சுவர்களைக் காணலாம். தாஜ்மகாலுக்குப் பளிங்கு தந்த மக்ரானா சுரங்கங்கள் இராஜஸ்தானத்திலேயே உள்ளன. பளிங்கு பிறக்கும் நாட்டிலும் பளிங்குச் சாயல் வளர்ந்தது என்பது கருதத்தக்கது. 20ஆம் நூற்றாண்டில் நந்தலால் போஸ் சாந்திநிகேதனத்தில் சுவரோவியத்துக்குப் புத்துயிர் தந்தபோது, ஜெய்ப்பூர்க் கைவினைஞரிடமிருந்தே இம்முறை அங்கே கற்கப்பட்டது.

செட்டிநாட்டு வீடுகளும் இதே செய்தியை வலியுறுத்துகின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்த அவ்வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு வந்தது. இத்தாலியிலிருந்து பளிங்கு வந்தது. ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஓடுகள் வந்தன. தரைக்குப் பளிங்கை வரவழைத்தவர்களால் சுவருக்கும் வரவழைத்திருக்க முடியும். ஆயினும் சுவருக்கு அவர்கள் பெரிதும் நாடியது சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்ந்த பூச்சையே. அது கோடையில் குளிர்ச்சி தரும். சுவரின் ஈரத்தை வெளியேற விடும். கைபட்டுக் கைபட்டு மேலும் மெருகேறும். சாயலாகத் தொடங்கிய ஒன்று, தன் சொந்தக் குணங்களுக்காகவே வேண்டப்படும் பொருளாக அங்கே உயர்ந்துவிட்டது.

இவ்வளவு சிறந்த கலை ஏன் தளர்ந்தது? ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் ஆங்கிலேயர் போர்ட்லண்டு சிமெண்டுக்கு 1824இல் உரிமை பெற்றார். இந்தியாவில் 1904இல் சென்னையில் சிமெண்டு உற்பத்தி முயலப்பட்டது. 1914இல் போர்பந்தர் ஆலை இயங்கத் தொடங்கியது. சிமெண்டு சில மணி நேரத்தில் இறுகும். சுண்ணாம்போ பல நாள் காத்திருப்பைக் கேட்கும். விரைவையும் சிக்கனத்தையும் நாடிய காலம் சிமெண்டைத் தேர்ந்தது. அதில் வியப்பில்லை, கோடிக்கணக்கான மக்களுக்கு வீடு வேண்டிய நாட்டில் அதனைக் குற்றம் என்று சொல்லவும் கூடாது. ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவர்களைச் சிமெண்டால் ஒட்டுப்போட்ட இடங்களில் தீங்கு விளைந்தது. சிமெண்டு ஈரத்தை எளிதில் வெளியே விடுவதில்லை. உள்ளே தங்கிய ஈரமும் உப்பும் பழைய செங்கல்லையும் பூச்சையும் அரித்துப் பெயர்த்துவிடுகின்றன. பழுது பார்ப்பதாக எண்ணிச் செய்தது சுவருக்கே பழுதாயிற்று.

இன்று நம் நகர வீடுகளில் சாயல் கலை வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. பட்டி பார்த்த சுவரின்மேல் செயற்கைப் பிசின் கலந்த வண்ணத்தைப் பூசி, பஞ்சால் ஒற்றியும், சீப்பால் இழுத்தும், உருளையால் உருட்டியும், பளிங்கு, கருங்கல், மரம், பட்டு ஆகியவற்றின் தோற்றத்தை ஓரிரு நாள்களில் வருவிக்கிறார்கள். இறகும் சீப்பும் கொண்டு கெர்ஷா செய்த வேலையின் வழித்தோன்றல் இது. இதனை நாம் இகழ வேண்டியதில்லை. எளிய வருவாயுடைய குடும்பம் தன் கூடத்தின் ஒரு சுவரையேனும் அழகாகக் காண விரும்புவது இயல்பான ஆசை. பாம்பெய் நகரத்து வீட்டாரும் அதையே விரும்பினார்கள்.

ஆனால் இரு பாதைகளுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது. வண்ணத்தின் சாயல் பரப்பில் நின்றுவிடுகிறது. சில ஆண்டுகளில் மங்கினால் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். சுண்ணத்தின் சாயல் சுவரின் உடம்பிலேயே ஊறியது. முன்னதற்கு டப்பா கடையில் கிடைக்கும். பின்னதற்கு வேண்டிய கை கடையில் கிடைக்காது. அக்கை ஒரு கொத்தனாரிடமிருந்து மற்றொரு கொத்தனாருக்குச் சுவரின் முன்னே நின்றே கைமாற வேண்டும். பழைய வீடுகளைப் புதுப்பிப்போர் சிலரும், சுண்ணாம்பை மீண்டும் நாடும் கட்டடக் கலைஞர் சிலரும் அக்கொத்தனார்களைத் தேடிச் செல்கிறார்கள் என்பது ஆறுதல் தரும் செய்தி. எனினும் அவ்வேலை அறிந்தோர் தொகை குறைவு.

சாயல் சுவர் கலையா, ஏமாற்றா என்னும் வினாவுக்கு வரலாறு தரும் விடை இவ்வளவே: சுவர் எதைப் போலத் தோன்றுகிறது என்பதைக் கொண்டு மட்டும் அதனை மதிப்பிட இயலாது. எப்பொருளால் செய்யப்பட்டது, எத்துணைப் பொறுமையோடு செய்யப்பட்டது, எத்தனை தலைமுறைக்கு நின்றது என்பவற்றையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். அடுத்த முறை பழைய வீடு ஒன்றைப் பழுது பார்க்கவோ இடிக்கவோ நேரும்போது, அதன் சுவரை ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பார்ப்போம். பளிங்குபோல் வழுவழுப்பாக இருந்தால், அதில் உளியை வைப்பதற்கு முன் சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் ஒருவரை அழைத்துக் கேட்போம். அவ்வாறு கேட்கும் வீடு ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு வேலை. அவரிடம் கற்க வரும் இளைஞனுக்கு ஒரு பள்ளி.